காஞ்சிக்கு வந்த திசைச்சொல்

காஞ்சிபுரத்துக்கு வழி சொல்லும் பழைய தமிழ்நூல், வழியில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கக் கிளம்பும் பாணனுக்கு, எயினர் குடியில் இன்ன சோறு, ஆயர் குடியில் இன்ன பால், உழவர் வீட்டில் இன்ன விருந்து என்று சொல்லிக்கொண்டே வருகிறார் புலவர். அந்தணர் வீட்டுக்குப் போனால் மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கி, மாவடு ஊறுகாயோடு சோறு படைப்பார்கள். கூவியர் சுட்ட அப்பமும் அந்தப் பாட்டில் வருகிறது. இட்டலி மட்டும் எங்கும் இல்லை.

இன்று காஞ்சியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பொருள்கள் இரண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று இட்டலி. பாணன் நடந்த காலத்தில் இல்லாத ஒரு பண்டம், அந்தக் காலத்துத் தமிழில் இல்லாத ஒரு பெயர், எப்படி இந்த ஊரின் அடையாளமாக ஆனது? இந்தக் கேள்வியோடுதான் இந்த முறை காஞ்சிக்குப் போனேன். கோயில்களைப் பார்க்கவும் புடவை எடுக்கவும் முன்பு பலமுறை போனதுண்டு. ஒரு சொல்லைத் தேடிப் போனது இப்போதுதான்.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயிலில் போவதுதான் எனக்குப் பிடிக்கும். பாலாற்றங்கரை நிலங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பெரிய காஞ்சியில் ஏகாம்பரநாதரும் காமாட்சியும். அங்கிருந்து கிழக்கே தள்ளிப் போனால் சின்ன காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. மேற்குக் கோபுரத்துக்குள் நுழைந்ததும் நூற்றுக்கால் மண்டபம். விஜயநகரக் காலத்து வேலை. அதன் பக்கத்தில் அனந்தசரஸ் குளம். 40 ஆண்டுகள் தண்ணீருக்குள் இருக்கும் அத்திவரதர் 1979லும், பிறகு 2019லும் வெளியே வந்து காட்சி கொடுத்தது இந்தக் குளத்திலிருந்துதான். மூலவரைப் பார்க்க அத்திகிரியின் 24 படிகள் ஏற வேண்டும். இறங்கி வந்தால் பிரசாதம் விற்கும் இடம்.

அங்கே கிடைத்தது ஒரு துண்டு. வட்டமாக, வெள்ளையாக, உள்ளங்கையில் அடங்கும் இட்டலியை நினைத்துப் போகிறவர்கள் இதைப் பார்த்தால் வேறு ஏதோ பண்டம் என்றே நினைப்பார்கள். முழு இட்டலி ஒன்றரை முழ மூங்கில் கணுவைப் போல நீண்ட உருளை. அதிலிருந்து அறுத்த வில்லை இது. நிறம் வெள்ளையிலிருந்து பழுப்புக்குப் போகும் வழியில் நிற்கிறது. ஓரத்தில் பழுப்பு கூடுதல். அங்கே இலை நரம்பின் தடம் அச்சு எடுத்தாற்போலப் பதிந்திருக்கிறது. அறுபட்ட பக்கத்தில் ஒன்றிரண்டாக உடைந்த மிளகும் சீரகமும் தெரிகின்றன. விண்டால் பஞ்சு போலப் பிரிவதில்லை, ரவைப் பதத்தில் உதிர்கிறது. முதலில் நெய்யும் பெருங்காயமும் மூக்குக்கு வரும், அடுத்து தயிர்ப் புளிப்பு, கடைசியில் தொண்டையில் சுக்கின் காரம். இலையின் வாசம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் நின்றுகொண்டே இருக்கிறது.

“இதுக்குத் தொட்டுக்க ஒண்ணும் வேண்டாம் சுவாமி. எல்லாம் உள்ளேயே இருக்கு” என்றார் பக்கத்தில் நின்ற கைங்கர்யபரர் ஒருவர். இதன் பெயர் குடலை இட்டலி. குடலை என்றால் என்ன என்று அவரிடமே கேட்டேன். “பெருமாளுக்குப் பூப் பறிச்சு எடுத்துண்டு வர்ற கூடை குடலை. இட்டலிக்கு உள்ளது மூங்கில்ல நீளமாப் பின்னியிருக்கும். உள்ளே சுத்தி மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊத்தி, ஆவியில வைப்பா. சீக்கிரம் வேகாது, மணிக்கணக்காகும்” என்று கையாலேயே அதன் உயரத்தைக் காட்டினார்.

அரிசி, உளுந்து, தயிர், நெய், மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை. இந்தப் பட்டியலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது மிளகாய். நம் வீடுகளில் அது மிளகின் இடத்தையே பிடித்துக்கொண்டது. பழைய பெருமாள் கோயில்களின் மடைப்பள்ளிகள் மட்டும் அதை உள்ளே விடவில்லை. வந்தேறிய காய்களையும் அவை பொதுவாக ஏற்பதில்லை. பொருளில் இத்தனை கட்டுப்பாடு காக்கும் அடுப்படி, வேறு மொழியிலிருந்து வந்த ஒரு பெயரை மட்டும் மனமார ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வைணவ மடைப்பள்ளியின் மொழியை அறிந்தவர்களுக்கு இதன் வியப்பு புரியும். அங்கே ரசம் என்ற சொல் இல்லை, சாற்றமுது. கறி என்று வெறுமனே சொல்லமாட்டார்கள், கறியமுது. குழம்பு குழம்பமுது, பாயசம் திருக்கண்ணமுது, சமையல் என்பதே தளிகை. அடுப்பில் ஏறும் ஒவ்வொன்றையும் தமிழாக்கி, அமுதாக்கி, அதன்பின் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுகிற வழக்கம் அது. அந்த வழக்கத்துக்குள் வந்தும் இட்டலி இட்டலியாகவே இருக்கிறது. முன்னால் ஒரு குடலை மட்டும் சேர்ந்துகொண்டது. பெயரோடு வந்து, பெயரோடே நிலைத்த பண்டம் இது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பெயர் எங்கிருந்து வந்தது? எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகள் கன்னடத்தில் இருக்கின்றன. சிவகோட்யாசாரியர் எழுதிய வட்டாராதனெ என்னும் சமணக் கதைநூல், சுமார் 920ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்த பிரம்மச்சாரிக்கு ஒரு பெண் படைக்கும் 18 பண்டங்களில் ‘இட்டலிகெ’ ஒன்று. செய்முறை கிடைப்பது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து. சாளுக்கிய அரசவையைச் சேர்ந்த இரண்டாம் சாவுண்டராயர் 1025ஆம் ஆண்டு வாக்கில் லோகோபகாரம் என்று ஒரு நூல் எழுதினார். கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பதிலிருந்து வாசனைப் பொருள் கூட்டுவது வரை ஒரு குடும்பத்துக்குத் தேவையான எல்லாம் அதில் உண்டு. உளுந்தை மோரில் ஊறவைத்து, நைய அரைத்து, தயிரின் தெளிந்த நீரை விட்டு, சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்ப்பது அதில் வரும் முறை.

அடுத்த நூற்றாண்டில் கல்யாணி சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் தொகுத்த மானசோல்லாசத்தில் இது ‘இட்டரிகா’ ஆகிறது. அங்கே உளுத்தமாவைச் சிறு உருண்டைகளாக்கி நெய்யில் வேகவிட்டு, மிளகுத்தூளும் சீரகத்தூளும் பெருங்காயமும் தூவுகிறார்கள். ஒரே பெயர், நூறு ஆண்டுக்குள் இரண்டு பண்டம். குஜராத்தில் 1520ஆம் ஆண்டைச் சேர்ந்த வர்ணக சமுச்சயம் ‘இடரி’ என்று ஒன்றைச் சொல்கிறது; அங்கே இன்றும் வெள்ளை டோக்ளாவுக்கு ‘இடடா’ என்று பெயர். தமிழில் இச்சொல் முதலில் வருவது 17ஆம் நூற்றாண்டு மச்சபுராணத்தில் என்கிறார் உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா.

இந்தப் பழைய செய்முறைகள் எதிலும் அரிசி இல்லை. உளுந்து மட்டும்தான். அரிசி சேர்ந்தது பிறகு. ஆனால் மோர், தயிர்நீர், மிளகு, சீரகம், பெருங்காயம் என்று சாவுண்டராயர் வரிசைப்படுத்துகிறாரே, அந்த வரிசையை எங்கே சாப்பிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். சின்ன காஞ்சியில், இலைத் தடம் பதிந்த அந்தத் துண்டில். ஆயிரம் ஆண்டுக்கு முன் இட்டலிகெ என்ற சொல்லுக்கு என்ன பொருளோ, அதன் பெரும்பகுதியை இன்றும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடிய இடம் காஞ்சி. சொல் பிறந்த கன்னட நாட்டுக் கடைகளிலேகூட இன்று இட்டலி என்றால் வெள்ளை இட்டலிதான். கடன் வாங்கிய ஊர் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதை நான் காஞ்சியின் பெருமைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

தமிழ் இலக்கணம் இப்படி வரும் சொற்களுக்கு மரியாதையான ஒரு பெயர் வைத்திருக்கிறது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தார் தொல்காப்பியர். அக்கம்பக்கத்து நிலங்களிலிருந்து வரும் சொல் திசைச்சொல். அதற்குச் செய்யுளிலும் இடம் உண்டு, தீட்டு இல்லை. கன்னடத்து ‘இட்டலிகெ’யில் டகரம் அழுத்தமான ஒலிப்பொலி. தமிழில் ஒற்று இரட்டித்தால் அது வல்லொலியாகத்தான் வரும். வால்பகுதி உதிர்ந்து, நடு ஒலி இறுகி, இட்டலி ஆகிவிட்டது. பேச்சில் இன்னும் தேய்ந்து இட்லி. தட்டில் மாவை ‘இட்டு அவிப்பதால் இட்டவி, அதுவே இட்டலி’ என்று ஒரு விளக்கமும் ஊரில் உலவுகிறது. மாவு ஊற்றும் தட்டு பிற்காலத்தது. இட்டவி என்ற வடிவத்தை நான் படித்த பழைய நூல் எதிலும் கண்டதில்லை. அன்பினால் செய்த விளக்கம். ஆனாலும் திசைச்சொல் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறை ஏதும் இல்லை.

கன்னடம் காஞ்சிக்கு எப்போது வந்தது என்று பார்க்க ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். வயல்களும் வீடுகளும் கலந்த அந்த ஓரத்தில், ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த மணற்கல் கோயில். சுற்றுமதிலை ஒட்டிச் சின்னச் சின்ன சந்நிதிகள், சிதைந்த சுதைப்பூச்சுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஓவிய வண்ணம். முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. காஞ்சியைக் கைப்பற்றியவன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு.

சாளுக்கியருக்கும் பல்லவருக்கும் பல தலைமுறைப் பகை. இரண்டாம் புலிகேசி காஞ்சி வரை வந்தான்; நரசிம்மவர்மன் வாதாபியை 642ஆம் ஆண்டு வாக்கில் அழித்தான். அதற்குப் பழிதீர்க்க வந்த விக்கிரமாதித்தன் ஊரைக் கொளுத்தியிருக்கலாம். அவன் தன் மொழியில் ஒரு நற்செயலை எழுதிவிட்டுத் திரும்பினான். அவன் அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலைப் பார்த்தவர்கள், காஞ்சி கைலாசநாதரின் சாயலை அதில் காண்பார்கள். கோயில் அங்கே போனது, எழுத்து இங்கே வந்தது. அவன் படையோடுதான் இட்டலி வந்தது என்பது என் வாதம் இல்லை. இந்தத் தூணுக்கு முன்னால் நின்றால், கன்னடம் காஞ்சிக்கு அந்நியமாக இல்லாமல் எத்தனை காலம் ஆகிவிட்டது என்பது விளங்குகிறது.

வழி இது ஒன்றுதானா? வரதராஜர் கோயிலுக்கே இன்னொரு வழி உண்டு. ராமானுஜர் இளமையில் காஞ்சியில் படித்தவர், சாலைக் கிணற்றிலிருந்து தினமும் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தவர். பின்னாளில் அவர் கன்னட நாட்டு மேல்கோட்டையில் பல ஆண்டுகள் தங்கித் திருநாராயணபுரத்துக் கோயிலைச் சீர்செய்தார். அன்றிலிருந்து அந்த ஊருக்கும் காஞ்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே ஆட்கள் போவதும் வருவதும் நிற்கவில்லை. ஆட்கள் போகும் வழியில் தளிகையும் போகும். பிறகு விஜயநகரம். கிருஷ்ணதேவராயர் வரதராஜரின் புண்ணியகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அவருக்குப் பின் வந்த அச்சுதராயர் இதே காஞ்சியில் துலாபாரம் கொடுத்தார். கன்னடமும் தெலுங்கும் பேசிய ராயர்களின் அதிகாரிகள் கோயில் கணக்கிலும் தளிகைக் கட்டளையிலும் இருந்த காலம் அது.

மூன்றாவது வழி நெசவு. காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை நடந்தால் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாகச் சரி பார்ப்பார்கள். காஞ்சி நெசவாளரில் தமிழ் பேசும் செங்குந்தர் உண்டு, சாலியர் உண்டு, வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர் உண்டு. தேவாங்கப் பெரியவர் ஒருவர் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னார்.

அவர் தறியில் ஓடிக்கொண்டிருந்தது கோர்வைப் புடவை. உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா. ஒரு பக்கக் கரை நாடாவைப் போட உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். அன்று அவர் மருமகள் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக் கொள்கின்றன. முந்தானை நிறம் மாறும் இடத்தில் பாவையே புது இழையோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அந்தச் சேர்ப்புக்குப் பேட்னி என்று பெயர். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அந்தச் சொல்லின் வேர் பொன் என்று பொருள்படும் பாரசீக ‘ஸர்’. 2005ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தக் கோர்வையும் ஜரிகையும்தான் அதன் முகமாக நின்றன.

“ஐயா, வீட்ல நீங்க இட்லிக்கு என்ன சொல்வீங்க?” என்று கேட்டேன்.

“இட்லிதான் தம்பி. எங்க பாட்டி காலத்துல இலையில வெச்சு அவிச்சா கடுபுன்னும் சொல்லும். இட்லின்னா தட்டுல ஊத்துறது. கோயில்ல செய்றது வேற, அது பெருமாளோடது” என்றார்.

அவர் மருமகள் நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “மாமா, நம்ம வீட்லயும் மார்கழில செய்வமே, டம்ளர்ல.”

டம்ளர் இட்டலி பற்றி மேலும் தெரிந்துகொள்ள அன்று மதியமே வாய்ப்புக் கிடைத்தது. சின்ன காஞ்சியில் வீட்டோடு சேர்த்துச் சின்னதாகச் சாப்பாடு போடும் அம்மா ஒருவரைத் தெரிந்தவர்கள் காட்டினார்கள். குடலை பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், வீட்டு அடுப்புக்கு அது பெரிது. அதனால் வெண்கல டம்ளரிலோ எவர்சில்வர் டம்ளரிலோ உள்ளே நெய் தடவி, வாழையிலையைச் சுருட்டி வைத்து, முக்கால் அளவு மாவு ஊற்றி வேகவைக்கிறார்கள். “பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கல் ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு. நைசா அரைச்சுடாதப்பா, ரவை மாதிரி இருக்கணும். தயிர் ஊத்தி ராத்திரி வெச்சுடுவேன். காலைல நெய்யிலயே மிளகு சீரகம் பொரிச்சு, சுக்குத் தூள் தட்டிப் போட்டுக் கலக்குவேன்” என்றார். வெந்ததா என்று பார்க்க விளக்குமாற்றுக் குச்சியைக் கழுவி உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். மாவு ஒட்டவில்லை. டம்ளரைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார், இலையோடு வழுக்கி வந்தது.

இந்த டம்ளரும் அந்தக் குடலையும் ஒரு பெரிய வாதத்துக்குப் பதில் சொல்கின்றன. அச்சயா தன் நூல்களில் ஒரு கருத்து முன்வைத்தார். இன்றைய இட்டலிக்கு மூன்று அம்சம்: உளுந்தோடு அரிசி, இரவு முழுக்கப் புளிக்கவைத்தல், ஆவியில் வேகவைத்தல். பழைய நூல்களில் இந்த மூன்றும் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று குறித்திருக்கிறார். புளிக்கவைக்கும் கலையில் தேர்ந்த இந்தோனேசியாவிலிருந்து, 8ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், அங்கிருந்த இந்து அரசர்களோடு வந்த சமையற்காரர்கள் இந்த முறையைக் கொண்டுவந்திருக்கலாம். அங்கே ‘கெட்லி’ என்று ஒரு பண்டம் இருந்தது என்றார். பலரும் அதைத் திரும்பத் திரும்ப எழுதி, அது வரலாறாகவே ஆகிவிட்டது. அந்தப் பெயரில் ஒரு பண்டத்தை இந்தோனேசிய உணவை ஆராய்ந்தவர்கள் காட்டவில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அச்சயா பெரிய அறிஞர். அவர் தொகுத்துத் தந்தது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது. இந்த ஒரு இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தவர், சுமார் 640ல், நரசிம்மவர்மன் காலத்தில். அவர் தேடியது தன் ஊரில் கண்ட அடுக்குப் பாத்திரத்தை. இங்கே ஆவிக்குப் பாத்திரம் எதற்கு? மண்பானையில் தண்ணீர், வாயில் ஒரு துணி, அல்லது ஒரு மூங்கில் கூடை, அல்லது நாலு இலை. மதுரைக்காஞ்சியிலேயே மோதகம் விற்கிறார்கள். பிட்டுக்கு மண் சுமந்த கதையை மாணிக்கவாசகர் திருவாசகத்தில் சொல்லிவிட்டார். பிட்டு என்றால் அவித்த மாவு. அவிக்கத் தெரிந்த ஊருக்கு, அவிப்பதைக் கடல் கடந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. மூங்கிலும் மந்தாரையும் இருக்கும் இடத்தில் மூன்று மணி நேர ஆவிக்கு உலோகமே தேவைப்படுவதில்லை என்பதைக் குடலை இட்டலி தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது.

என் முடிவு இது: சொல் கன்னடத்திலிருந்து வந்தது. உளுந்தும் மோரும் மிளகும் சேர்ந்த செய்முறை அந்தச் சொல்லோடு வந்தது. அரிசி இந்த நிலத்தில் சேர்ந்தது, தொண்டை நாடும் சோழ நாடும் அரிசி நாடுகள். ஆவி ஏற்கனவே இங்கே இருந்தது.

இதற்கு இன்னொரு சாட்சி பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ராமசேரி என்னும் சிற்றூரில் இருக்கிறது. அங்கே இட்டலி செய்யும் முதலியார் குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த நெசவாளர்கள். காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்வோரும் உண்டு, தஞ்சை, திருப்பூர் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் இட்டலிக்கு உலோகத் தட்டு வைப்பதில்லை. மண் வளையத்தின் குறுக்கே நூலை வலைபோலக் கட்டி, அதன்மேல் துணியை விரித்து, மாவை ஊற்றி, கொதிக்கும் பானையின் வாயில் வைக்கிறார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்டலிக்கும் நடுவில் ஒரு பண்டம் வருகிறது. நெய்கிற கை நூலை எங்கேயெல்லாம் கொண்டுபோகும் என்பதற்கு இது ஓர் அழகான எடுத்துக்காட்டு.

இன்று இட்டலி என்ற சொல் இன்னும் எத்தனையோ பொருளைத் தாங்குகிறது. அரிசியைத் தூக்கிவிட்டு ரவை போட்டாலும் இட்டலி. இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவா இட்டலியை உருவாக்கியது தாங்கள்தான் என்கிறார்கள் பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார். பிடதியில் தட்டு அகலத்துக்குத் தட்டே இட்டலி. நடிகை குஷ்புவின் பெயரால் நம் ஊரில் ஓர் உப்பலான இட்டலி. அரிசிக் கடையில் ‘இட்லி அரிசி’ என்று ஒரு ரகமே தனி மூட்டையில் இருக்கிறது, பண்டத்தின் பெயர் தானியத்துக்கே ஏறிவிட்டது. ‘இட்லிக்கடை’ என்றால் நாலு மணிக்கே விளக்கெரியும் தெருவோரத்துக் காலைச் சாப்பாடு. 2013ல் அம்மா உணவகம் தொடங்கி இட்டலி ஒரு ரூபாய் என்று வைத்தபோது, இச்சொல்லுக்கு ஏழைக்கு வயிறு நிறைவது என்ற பொருள் அரசு முத்திரையோடு கிடைத்தது. இதை நான் அந்தச் சொல்லின் வாழ்வில் பெரிய நிகழ்ச்சியாக எண்ணுகிறேன். அரசவை நூலில் சோமேசுவரன் எழுதிவைத்த பண்டம், மூட்டை தூக்குகிறவரின் காலை உணவாக வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த மாற்றங்களுக்கிடையில் ஒன்று நடந்துவிட்டது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பழைய இட்டலிக்குச் சுவை மாவுக்குள் இருந்தது. சாம்பாரும் சட்டினியும் மிளகாய்ப்பொடியும் பெருகப் பெருக, காரமும் மணமும் மாவை விட்டு வெளியேறிக் கிண்ணத்துக்குப் போய்விட்டன. இட்டலி வெறும் வெள்ளையாகி, மற்றதை ஏந்தும் இடமாக ஆனது. மென்மை ஒன்றே அதன் தகுதி என்று ஆனது. மல்லிகைப்பூப் போல இருந்தால் நல்ல இட்டலி என்கிறோம். குடலை இட்டலி பூப்போல இருக்காது, இருக்கவும் கூடாது. மறுநாளும் கெடாமல், வழிப்பயணத்துக்குக் கட்டிச் செல்லத் தக்க உறுதியோடு, தனியே தின்னத் தக்க சுவையோடு நிற்பது அது.

அதனால்தான் சென்னை ஓட்டல் பலகைகளில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது. சாதாரண இட்டலி மாவில் கடுகும் கடலைப்பருப்பும் முந்திரியும் தாளித்துக் கொட்டி, சில இடங்களில் கேரட் துருவலும் மஞ்சளும் சேர்த்து, குழித்தட்டில் ஊற்றித் தருகிறார்கள். சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. சுக்கு இல்லை, தயிரில்லை, இலை இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் அலங்காரமாக நிற்கிறது. ஒரு சொல் ஊர் மாறும்போது பொருள் மாறுவது இயல்பு, இட்டலிகெ அப்படித்தான் இங்கே வந்தது. ஆனால் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி விற்கும்போது அந்த ஊர் எதைக் காத்து வைத்திருக்கிறதோ அதைத் தர வேண்டும். பட்டுப் புடவைக்கு அதைக் கேட்கிறோம். இட்டலிக்கும் கேட்கலாம்.

காஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: காலையிலேயே வரதராஜர் கோயிலுக்குப் போய்விடுங்கள், தாமதமானால் இட்டலி தீர்ந்துவிடும். வாங்கியதும் சட்டினி தேடாதீர்கள். ஒரு துண்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றை இலையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கைலாசநாதர் கோயிலில் கன்னடத் தூணைக் காட்டச் சொல்லிக் காவலாளியிடம் கேட்டால் காட்டுவார். மதியம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் எந்தத் திண்ணையிலும் உட்கார இடம் கிடைக்கும். கட்டிக்கொண்டு வந்ததை அங்கே பிரிக்கலாம். அதற்குள் இலையின் வாசம் இட்டலியில் இன்னும் நன்றாக ஏறியிருக்கும்.